முன்னாடி என்ன ஆளுங்க?

தொழுகை வரிசையில் சிக்கல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். நேற்றுக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தவரும், நாலு தலைமுறையாகப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி வீட்டுப் பிள்ளையாக இருப்பவரும் தோளோடு தோள் உரச நிற்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். மேடைகளில் பெருமையாகச் சொல்லப்படுவது இந்தக் காட்சிதான்; பெருமைப்படத் தகுந்ததும்கூட. ஆனால் ஐந்து வேளைத் தொழுகையையும் கூட்டினால் நாளில் ஒரு மணி நேரம் வரும். மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தின் கதை வேறு. அது பள்ளிவாசல் படியில், செருப்பை மாட்டும்போது, மிக அன்பாகக் கேட்கப்படும் ஒரு கேள்வியில் தொடங்கும்: “முன்னாடி நீங்க என்ன ஆளுங்க?”

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கேட்ட கையோடு டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் பதில் வந்ததும் முகத்தில் ஒரு சின்னக் கணக்கு ஓடும். பிள்ளைமார் என்றால் ஒரு ‘மாஷா அல்லாஹ்’ வரும், காலனித் தெரு என்றால் இன்னொரு ‘மாஷா அல்லாஹ்’ வரும். சொல் ஒன்றுதான், சுருதி வேறு.

இஸ்லாத்துக்கு வந்தவர் சந்திக்கும் பாகுபாடு வெறுப்பாக வருவது அபூர்வம். பெரும்பாலும் பாராட்டாகத்தான் வரும். “நீங்க எங்களைவிட மேல், உங்க பாவமெல்லாம் கழுவியாச்சு” என்பார்கள். ஜும்ஆ முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்து “எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்க” என்பார்கள். அலிஃப், பே என்ற அரபு எழுத்தே இன்னும் பிடிபடாதவர் ஊர் ஊராகப் போய்த் தன் பழைய வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அடுத்து ஆலோசனைகள்: நாற்பது நாள் தப்லீக் ஜமாஅத்தோடு ஊர் ஊராகப் பிரசாரத்துக்குப் போய்வா, முடிந்தால் நாலு மாதம் போ. தினக்கூலிக்காரரோ தனியார் கம்பெனி ஊழியரோ நாற்பது நாள் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது. அப்புறம் உதவிக்கு வந்து நிற்பார். உதவி கேட்டதும் “காசுக்கு மாறினவன்” என்ற பேச்சு கிளம்பும். வேலையை விட வைத்ததும் அதே வாய்தான், பழி சொல்வதும் அதே வாய்தான்.

சுன்னத் என்று பேச்சில் சொல்லும் கத்னா, அதாவது நுனித்தோல் நீக்கம், அந்த விஷயமும் இப்படியே. முதல் வாரத்திலேயே சிலர் அதை நெருக்குவார்கள். கத்னா முஸ்லிமாவதற்கு நிபந்தனை அல்ல. ஹனஃபி மத்ஹபில் (சட்ட வழியில்) அது சுன்னத், அதாவது நபிவழி. ஷாஃபியில் கடமை, ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து அஞ்சினால் அங்கும் விலக்கு உண்டு. வளர்ந்த ஆணுக்கு அது உண்மையிலேயே ஓர் அறுவைச் சிகிச்சை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறைவதில் கோளாறு உண்டா என்று பார்த்து, மருத்துவமனையில், அவர் விரும்பும் நேரத்தில் செய்துகொள்ள வேண்டியது. “இன்னும் ஆகலையாம்” என்று நாலு பேர் பேசுவதற்கான செய்தி அல்ல.

இன்னொரு பொறி, வந்த வழி. ஒருவர், மத்ஹபுகளைப் பின்பற்றாத தவ்ஹீத் இயக்க நண்பர் மூலம் வந்திருப்பார். நெஞ்சில் கை கட்டவும், அத்தஹிய்யாத் ஓதும் அமர்வில் விரலசைக்கவும், ஆமீனைச் சத்தமாகச் சொல்லவும் கற்றிருப்பார். தொழுகை என்றால் அவருக்கு அதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மத்ஹபு வழி நடக்கும் சுன்னத் ஜமாஅத் பள்ளி. விரலசைப்பவர்கள் இங்கே வரக்கூடாது என்று பலகை வைத்த பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்ததுண்டு. இரு தரப்பின் சண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் முதல் அடி அவருக்குத்தான் விழும். பரம்பரை முஸ்லிம் விரலசைத்தால் “இன்னாரு மகன், வழி தவறிட்டான்” என்பார்கள். இவர் அசைத்தால் “இவனுக்கு யாரு கலிமா சொல்லிக்கொடுத்தது?” என்பார்கள். முதலாமவருக்குத் திரும்பிப் போக ஒரு குடும்பம் இருக்கிறது.

இதெல்லாம் மேலோட்டம். விஷயம் கனப்பது கல்யாணத்தில்.

பெண் கேட்டுப் போனால் கிடைக்கும் பதிலில் ஓர் அரபுச் சொல் இருக்கும்: குஃப்வு. பொருத்தம், சமநிலை என்று பொருள். “மார்க்கத்துலயே குஃப்வு பார்க்கச் சொல்லியிருக்கே” என்று பெரியவர் ஒருவர் சொல்லுவார். பதிலுக்குச் சமத்துவம் பேசும் நபிமொழி (ஹதீஸ்) ஒன்றைச் சொல்லிவிட்டு, அவர் மார்க்கம் தெரியாமல் பேசுகிறார் என்று நகர்ந்துவிடுவது பலருக்கும் வழக்கம். அது தவறு. அவர் சொல்வது நூலில் இருக்கிறது. மதரஸாக்களில் இன்றும் பாடமாக இருக்கும் ஹனஃபி சட்ட நூல் ஹிதாயா, அரபியர் அல்லாதாரிடையே திருமணப் பொருத்தம் பார்க்க இஸ்லாத்தின் வயதையே ஓர் அளவுகோலாக வைக்கிறது. தானே இஸ்லாத்துக்கு வந்தவர், முஸ்லிம் தகப்பன் உள்ள பெண்ணுக்கு நிகரல்ல. தகப்பன் மட்டும் முஸ்லிமாக இருந்தவர், தகப்பனும் பாட்டனும் முஸ்லிமாக இருந்த பெண்ணுக்கு நிகரல்ல. இரண்டு தலைமுறை ஆகிவிட்டால் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் எத்தனை தலைமுறை என்று யாரும் எண்ண வேண்டாம். அதே ஹனஃபி வழியின் இமாம் அபூ யூசுஃப் ஒரு தலைமுறையே போதும் என்றார். ஷாஃபி நூல்களிலும் இதையொட்டிய கருத்து உண்டு. மாலிக்கி மத்ஹபில்தான் பொருத்தம் என்பது முதன்மையாக மார்க்கப் பற்று.

இந்த விதி எங்கே முளைத்தது என்பது தெரிந்தால் அதன் எடையும் தெரியும். உமய்யா கலீஃபாக்கள் காலத்தில் இஸ்லாத்துக்கு வந்த பாரசீகர்களும் மற்றவர்களும் ஏதாவது ஓர் அரபுக் குலத்தோடு ஒட்டிக்கொண்டு ‘மவாலி’களாகத்தான் (அந்தக் குலத்தைச் சார்ந்தவர்களாகத்தான்) வாழ முடிந்தது. ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ், முஸ்லிமல்லாதாருக்கான ஜிஸ்யா வரியை முஸ்லிமாகிவிட்டவர்களிடமும் தொடர்ந்து வசூலித்தார்; ஆள் ஆளாக இஸ்லாத்துக்கு வந்தால் கஜானா காலியாகிவிடும் என்பது அவர் கவலை. 717 முதல் 720 வரை ஆண்ட கலீஃபா இரண்டாம் உமர்தான் அதை நிறுத்தச் சொன்னார். அப்படிப்பட்ட ஈராக்கின் கூஃபா நகரத்தில், அந்தச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகள் நடுவில் பேசப்பட்டவை குஃப்வு விதிகள். இதில் ஒரு வேடிக்கை: ஹனஃபி மத்ஹபின் மூலவரான இமாம் அபூ ஹனீஃபாவே அரபியர் அல்ல. பாரசீக வழியில் வந்த மவாலிக் குடும்பம், பட்டுத் துணி வியாபாரம். இன்று அவர் பெயரைச் சொல்லித்தான் ‘புதுசா வந்தவனுக்கு எப்படிக் கொடுக்கிறது’ என்கிறார்கள்.

நூலில் இருப்பதை நூலின்படியே படித்தாலும் பெரியவரின் வாதம் பாதியில் நின்றுவிடும். குஃப்வு ஒரு தடை அல்ல, ஓர் உரிமை. பெண்ணும், அவள் சார்பில் மணமுடித்துக் கொடுக்கும் ‘வலி’ என்ற பொறுப்பாளரும் சம்மதித்து விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் முழுமையாகச் செல்லும். ஒரு குறையும் இல்லை. வலியின் சம்மதம் இல்லாமல் பெண் தானே நிகரில்லாத இடத்தில் மணந்தால்தான் கேள்வி எழுகிறது. பிற்கால ஹனஃபி முஃப்திகள் அத்தகைய மணம் செல்லாது என்ற அறிவிப்பின்படி ஃபத்வா கொடுத்தார்கள். அதாவது தகப்பன் “நான் கொடுக்க விரும்பவில்லை” என்று சொல்லலாம். “மார்க்கம் கொடுக்கக் கூடாது என்கிறது” என்று சொல்ல முடியாது. முதல் வாக்கியத்தைச் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் இரண்டாவது வாக்கியம் வருகிறது.

நபியவர்கள் காலத்து நடைமுறை இதற்கு நேர் எதிர் என்பதும் மார்க்கம் படித்த ஆலிம்களுக்குத் தெரியும். தம் அத்தை மகள் ஸைனபை, விடுதலை பெற்ற அடிமையான ஸைதுக்கு நபியவர்கள் மணமுடித்து வைத்தார்கள். மக்காவின் குறைஷிக் குலத் தலைவர் வீட்டு அபூ ஹுதைஃபா, தன் சகோதரன் மகளை, அடிமையாக இருந்து விடுதலையான ஸாலிமுக்குக் கொடுத்தார். புகாரி ஹதீஸ் தொகுப்பில் மார்க்க அடிப்படையிலான பொருத்தம் பற்றிய பாடத்திலேயே இந்தச் செய்தி இருக்கிறது.

ஆனால் உண்மையான காரணம் ஹிதாயாவும் அல்ல, கூஃபாவும் அல்ல. ராவுத்தர் ராவுத்தர் வீட்டில் எடுக்கிறார், மரைக்காயர் மரைக்காயர் வீட்டில், உருது பேசும் தக்கனிக் குடும்பம் தங்களுக்குள். பல கடற்கரை ஊர்களில் சொந்த ஊரை விட்டே பெண் கொடுப்பதில்லை. இரண்டு பரம்பரை முஸ்லிம்களே ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்யாத இடத்தில், வந்தவருக்குக் கதவு திறக்கும் என்று மேடையில் சொல்லி அழைப்பது ஏமாற்று வேலை. அவரை மறுப்பது புதிய வெறுப்பு அல்ல. பழைய அகமண வழக்கம்தான், அவர் கதவைத் தட்டியதால் சத்தம் கேட்கிறது.

இரண்டு தலைமுறையில் கணக்கு தீரும் என்ற விதிக்கும் ஊர் வழக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க மலபார் கடற்கரை வரை போனால் போதும். அங்கே முக்குவர் முதலிய மீனவர்களிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களின் வழியினருக்குப் ‘பூசலான்’ என்று பெயர். ‘புதிய இஸ்லாம்’ என்பது தேய்ந்து வந்த சொல். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். புதியவர் என்ற அடைமொழி மட்டும் சாதிப் பெயராகி நிலைத்துவிட்டது.

பெண்களின் நிலைமைக்குத் தனிக் கவனம் வேண்டும். தனியாக இஸ்லாத்துக்கு வந்த பெண்ணுக்கு வரும் வரன்களின் பட்டியலைப் பார்த்தால் போதும்: மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், இரண்டாம் தாரம் தேடுபவர், இருபது வயது மூத்தவர். எல்லாருமே ‘நன்மையை நாடி’ வருபவர்கள். கைக்கூலி (வரதட்சணை) கேட்காததைத் தியாகமாகச் சொல்வார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹரைப் பற்றிப் பேச்சே எழாது.

இங்கே சட்ட நுணுக்கம் ஒன்று பெண்ணுக்கு எதிராகத் திரும்புகிறது. முஸ்லிமல்லாத தகப்பன் அவளுக்கு வலியாக முடியாது. ஷாஃபி வழக்கத்தில் வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஹனஃபியில் வயது வந்த பெண் தானே ஒப்புக்கொள்ளலாம் என்றாலும் நடைமுறையில் யாராவது ஒருவரை வலியாக உட்கார வைப்பார்கள். யாரை? பெரும்பாலும் அவளை இஸ்லாத்துக்கு அழைத்து வந்தவரையே. அவரே பாடம் சொல்லிக்கொடுத்தவர், அவரே தங்க இடம் பார்த்தவர், அவரே வலி, மாப்பிள்ளையோ அவருடைய நண்பர் அல்லது தம்பி. ‘வேண்டாம்’ என்று அவள் யாரிடம் சொல்வாள்? வலி இல்லாதவருக்கு ஆட்சியாளரே வலி என்பது ஹதீஸ். அந்த இடத்தில் இங்கே நிற்க வேண்டியவர் காஜி, அல்லது அந்தப் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகமான மஹல்லா ஜமாஅத் பொறுப்பாக நியமிக்கும் ஒருவர். அழைத்தவரும் வலியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ஜமாஅத் ஒரு தீர்மானம் போட்டாலே பாதிக் கேடு குறையும்.

மற்றப் பாதிக்கு நிக்காஹ் தப்தர் (பதிவேடு) இருக்கிறது. மஹர் என்ற இடத்தில் பேருக்கு ஒரு தொகை எழுதாமல், அவள் வயதும் படிப்பும் ஒத்த அந்த ஊர்ப் பெண்ணுக்கு என்ன எழுதுவார்களோ அதை எழுத வேண்டும். முடிந்தவரை உடனே கையில் தர வேண்டிய மஹராக. வந்த பெண்ணுக்குத் திரும்பிப் போகத் தாய்வீடு இல்லாமல் போகலாம் என்பதால், தலாக் உரிமையை மனைவிக்கும் ஒப்படைக்கும் தஃப்வீழ் நிபந்தனையை ஹனஃபி முறையில் எழுதிக்கொள்ளலாம். இது செல்லும், ஆனால் கேட்பவர் மிகக் குறைவு. பிறகு 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. பள்ளிவாசல் தப்தர் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், நாளைக்கு ஜீவனாம்சத்துக்கோ பாஸ்போர்ட்டுக்கோ அலைவது அவள்தான்.

எல்லாக் கேள்வியும் பாகுபாடு அல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வந்தவர் ஆணாக இருந்தால், முன் திருமணம் உண்டா, நீதிமன்றத்தில் முறையாக முறிந்ததா என்று ஜமாஅத் கேட்டே ஆக வேண்டும். மதம் மாறியதாலேயே இந்துத் திருமணம் முறிந்துவிடாது. முதல் மனைவி இருக்க மாறி இரண்டாவது மணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சரளா முத்கல் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு நகலைக் கேட்பது எச்சரிக்கை. “என்ன ஆளுங்க” என்று கேட்பது எச்சரிக்கை அல்ல.

சொத்து விஷயத்தில் அரைகுறை அறிவுரைகள் நிறைய. முஸ்லிமல்லாதவரிடமிருந்து முஸ்லிம் வாரிசாக மாட்டார் என்று நபித்தோழர் உஸாமா அறிவித்த ஹதீஸைக் காட்டி “அப்பன் சொத்தைத் தொடாதே” என்பார்கள். பெரும்பான்மைக் கருத்து அதுதான். ஆனால் வாங்கலாம் என்ற கருத்தும் நபித்தோழர் முஆத் இப்னு ஜபல் வழியாக உண்டு, இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யா அதை ஆதரித்தார். இந்தியச் சட்டமோ மாறியவரின் பங்கைப் பறிப்பதில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை: மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லையென்றால், இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கோ பேரனுக்கோ தான செட்டில்மென்ட் எழுதித் தந்தால் மார்க்கமும் தடுக்காது, சட்டமும் தடுக்காது. வீட்டோடு உறவை வெட்டச் சொல்லும் நண்பர்கள் இந்தக் கதவையும் சேர்த்தே சாத்துகிறார்கள்.

அரசாங்கமும் வெகுநாள் இதே கேள்வியைத்தான் கேட்டது, படிவத்தில். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதம் இட ஒதுக்கீடு. பட்டியலில் ஏழு பிரிவு: அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் சேர்த்து), மாப்பிள்ளா, ஷேக், சையத். வந்தவர் இதில் எது? எதுவுமில்லை. எல்லாமே பிறப்பால் வருபவை. இஸ்லாத்துக்கு வந்தவர் வெறும் முஸ்லிம், முந்தைய சாதி அவருக்கு அங்கே இல்லை என்பது சென்னை உயர் நீதிமன்றம் 1952-லேயே சொன்ன கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. அதன் நடைமுறை விளைவு, அவர் ‘இதர பிரிவினர்’ ஆகி, தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டுப் பிள்ளையோடு பொதுப்போட்டியில் நின்றதுதான். 2008-இல் மாறிய மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர் அரசுத் தேர்வாணையத்தின் மீது தொடுத்த வழக்கு 2022 டிசம்பரில் தள்ளுபடியானது. 2024 மார்ச்சில்தான் அரசாணை வந்தது: பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின, பட்டியல் சாதிகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தோர் இனிப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருதப்படுவர்.

பட்டியல் சாதியிலிருந்து வந்தவருக்கு இது பாதிக் கிணறு. பட்டியல் சாதியார் யார் என்று வரையறுத்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் விரியவில்லை. பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்தை விட்டு 3.5-க்கு வருகிறார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. 1981 பிப்ரவரியில் தென் தமிழ்நாட்டு மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது நாடே பேசியது. அந்த ஊர் ரஹ்மத் நகர் ஆனது எல்லாருக்கும் தெரியும். மாறியவர்கள் எதை விட்டுக்கொடுத்து வந்தார்கள் என்ற கணக்கைப் பள்ளிவாசல் படியில் கேள்வி கேட்பவர்கள் போட்டுப் பார்த்ததில்லை.

மௌத்துக்கும் (மரணத்துக்கும்) ஏற்பாடு வேண்டும். ஊர் ஜமாஅத்தில் வரி கட்டிப் பெயர் பதியாதவரின் மையித்துக்கு (உடலுக்கு) அடக்கஸ்தலத்தில் இடம் கேட்பது கடைசி நேரத்தில் பெரும் பாடு. எந்த மஹல்லா என்றே வாக்குவாதம் வரும். உடம்பு நன்றாக இருக்கும்போதே குடியிருக்கும் மஹல்லாவில் சந்தா கட்டி ரசீது வைத்துக்கொள்ள வேண்டும். தன்னை எப்படி அடக்க வேண்டும் என்பதை எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்தோடு ஒரு நகலை ஜமாஅத்திலும் ஒன்றைப் பெற்றோர் வீட்டிலும் கொடுத்துவிட வேண்டும். மருத்துவமனை உடலைப் பெரும்பாலும் நெருங்கிய உறவினரிடம்தான் கொடுக்கும். வீட்டாருடன் பேச்சுவார்த்தை இருந்தவரை எப்படியாவது நல்லபடியாக அடக்கிவிடுகிறார்கள். அறுத்துக்கொண்டவருக்குத்தான் எரியூட்டிய பிறகு செய்தி வரும். அப்போது ஷாஃபிப் பள்ளியில், உடல் முன்னால் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸா தொழலாம், ஹனஃபிப் பள்ளியில் அதுவும் இல்லை.

கடைசியாக, தப்தரில் ‘தந்தை பெயர்’ என்றொரு இடம் உண்டு. மாப்பிள்ளையின் தகப்பன் முருகேசன் என்றால், சபையில் வாசிக்கச் சங்கடப்பட்டு அங்கே ‘அப்துல்லாஹ்’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. யாவரும் அல்லாஹ்வின் அடிமைதானே என்று சமாதானம் வேறு. தகப்பன் பெயரைக் கொண்டே அழையுங்கள் என்று குர்ஆன் 33-ஆம் அத்தியாயம் 5-ஆம் வசனம் நேராகவே சொல்கிறது. இப்படி மாற்றி எழுதியதால் ஆதாரில் ஒரு தகப்பன், நிக்காஹ் சான்றில் ஒரு தகப்பன் என்றாகி, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும்போது ‘அந்த அப்துல்லாஹ் யார்’ என்று கேட்பார்கள். சொந்தப் பெயரையே மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. பெயரில் இணைவைப்புப் பொருள் (இறைவனுக்கு இன்னொன்றை இணையாக்கும் பொருள்) இருந்தால் மட்டுமே மாற்றம். மாற்றினால் அரசிதழில் வெளியிட்டு எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் மாற்ற வேண்டும். தகப்பன் பெயரில் கை வைக்கவே வேண்டாம். நபித்தோழர் உமர், கத்தாபின் மகன். கத்தாப் முஸ்லிம் அல்ல. இன்னொரு தோழர் இக்ரிமா, இஸ்லாத்தின் பெரும் எதிரி அபூ ஜஹ்லின் மகன். ஹதீஸ் நூல்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகின்றன. முருகேசன் மகன் இப்ராஹீம் என்று நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத் மைக்கில் வாசித்தால் சபையில் நாலு தலை திரும்பும். திரும்பட்டும், அவர் அடுத்த வரியில் மஹர் தொகையை வாசிக்கலாம்.